பழைய செதுக்கோவியங்கள், பழைய மேப்புகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஐரோப்பியர்கள் கடல் தாண்டிப் போய்க் குடியேறிய காலத்துப் படங்களையும் மேப்புகளையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வரிசை எதுவும் கிடையாது.

கேள்வி: அக்கா, கொலம்பஸ் கரையிறங்குகிற மாதிரியும் அந்த ஊர்க்காரர்கள் தங்கச் சாமான்களை நீட்டுகிற மாதிரியும் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அதை வரைந்தவர் அந்தக் கப்பலில் போனவரா?

இல்லை. கொலம்பஸ் போனது 1492. அந்தப் படம் அச்சானது 1594. செய்தவர் தியோடோர் டி பிரை. 1528-ல் லியேஜில் பிறந்த பொற்கொல்லர், புராட்டஸ்டன்ட். ஸ்பானிய ஆட்சியின் கீழ் மதத்துக்காக ஊர் ஊராக ஓடினார். ஸ்ட்ராஸ்பூர்க், ஆன்ட்வெர்ப், லண்டன் என்று சுற்றிக் கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சுக்கூடம் வைத்தார். அமெரிக்கா இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் பூர்வகுடிகள் என்றதும் ஐரோப்பியர் மனதில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு வந்து நின்ற உருவம் பெரும்பாலும் இவர் பட்டறையில் பிறந்ததுதான்.

அவருக்கு முன்னால் வந்ததும் யோக்கியம் இல்லை. கொலம்பஸின் கடிதம் 1493-ல் பாசல் நகரில் படங்களோடு அச்சானபோது, அதில் வரும் கப்பல் துடுப்புப் போடுகிற மத்தியதரைக் கடல் கப்பல். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது அது இல்லை. அச்சுக்காரர்கள் கையில் இருந்த மரக்கட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால் ஒரு படத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, இது எந்த ஊர்ப் பட்டறையில் செய்தது, செய்தவர் கையில் முன்மாதிரியாக என்ன இருந்தது, காசு போட்டவர் யார் என்பதைத்தான். படத்தில் என்ன தெரிகிறது என்பது அதற்கு அப்புறம்.

கேள்வி: அப்படியானால் டி பிரை படங்கள் எல்லாமே கற்பனை என்று தள்ளிவிடலாமா?

கூடாது. ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. அமெரிக்கா பற்றி அவர் படங்களோடு போட்ட பயண நூல் வரிசையில் முதல் புத்தகம் 1590-ல் வந்தது, வர்ஜீனியா பற்றி. எழுதியவர் தாமஸ் ஹாரியட். லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வந்தது. அதன் படங்களுக்கு ஆதாரம் ஜான் வைட் என்ற ஆங்கிலேயர் 1585-ல் ரோனோக் தீவுக்குப் போய் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள். இவர் நேரில் பார்த்து வரைந்தவர். அந்த ஓவியங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, அதனால் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

பார்த்தால் என்ன தெரிகிறது? வைட் வரைந்த ஆட்கள் இயல்பாக நிற்கிறார்கள், முகம் அவர்கள் முகம், பின்னணி வெறும் தாள். டி பிரை அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதும் உடம்பில் கிரேக்கச் சிலை மாதிரித் தசை முறுக்கேறுகிறது, முகம் ஐரோப்பிய முகமாகிறது, பின்னால் ஆறும் மரமும் முளைக்கின்றன. செகோட்டன் கிராமத்துப் படத்தைப் பாருங்கள். வைட்டின் ஓவியத்தில் சோளம் மூன்று நிலையில் இருக்கிறது: இப்போதுதான் முளைத்தது, பச்சையாக நிற்பது, விளைந்து நிற்பது. செதுக்கோவியத்தில் இது போதாதென்று புகையிலைத் தோட்டம், பூசணி, சூரியகாந்தி எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்தக் குடியேற்றத்தை நடத்திய ஆங்கிலப் பிரமுகர் வால்டர் ராலேக்காக ஆள் சேர்க்கவும் காசு திரட்டவும் எழுதிய நூல் ஹாரியட்டுடையது. 1588-ல் படமில்லாமல் வந்ததைத்தான் டி பிரை படத்தோடு போட்டார். மண் எப்படிக் கொழிக்கிறது பாருங்கள் என்று காட்ட வேண்டிய கட்டாயம் அந்தச் சோளத்திலேயே தெரிகிறது.

ஆனாலும் வீடு கட்டிய முறை, ஓடம் குடைந்த முறை, மீன் சுட்ட பரண், பச்சை குத்திய இடம் எல்லாம் வைட் பார்த்தவை. பொமெயூக் என்ற ஊரில் ஒரு தாயும் மகளும் நிற்கும் ஓவியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் குழந்தை கையில் இங்கிலாந்து உடை போட்ட பொம்மை ஒன்று இருக்கிறது. கப்பல்காரர்கள் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் எவரும் ஃபிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்து யோசித்துச் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. அதே வைட் 1587-ல் ஆளுநராக அங்கே திரும்பப் போனார். அவருடைய பேத்தி வர்ஜீனியா டேர் அங்கே பிறந்தாள். சாமான் வாங்க இங்கிலாந்து வந்தவர், ஸ்பெயினோடு போர் நடந்ததால் மாட்டிக்கொண்டார். 1590 ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் குடியிருப்பு காலி, ஒரு கம்பத்தில் ‘குரோவட்டோவன்’ என்று, பக்கத்துத் தீவின் பெயர், செதுக்கியிருந்தது. அங்கே வந்து குடியேறுங்கள் என்று கூப்பிடும் புத்தகம் நான்கு மொழிகளில் அச்சேறியது அதே வருஷம்தான்.

கேள்வி: புளோரிடாப் படங்களையும் இதே அளவு நம்பலாமா?

அவ்வளவு நம்பாதீர்கள். 1564-ல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்கள் புளோரிடாவில் கரோலின் கோட்டை கட்டினார்கள். அடுத்த வருஷமே ஸ்பானியர்கள் அழித்தார்கள். தப்பியவர்களில் ஒருவர் ழாக் லெ முவான் என்ற ஓவியர். அவர் 1588-ல் லண்டனில் இறந்த பிறகு, மனைவியிடம் படங்களை வாங்கி 1591-ல் வெளியிட்டதாக டி பிரை சொல்கிறார். மூலம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூட இன்று கையில் இல்லை. அந்தப் படங்களில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான டிமுக்குவா மக்கள் பானம் குடிக்கிற சங்கு, நாட்டிலஸ் சங்கு. அது பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கிடைப்பது, புளோரிடாக் கரையில் கிடையாது. எங்கிருந்து வந்தது? ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் நாட்டிலஸில் வெள்ளி கட்டிக் கோப்பை செய்து பிரபுக்களுக்கு விற்ற காலம் அது. டி பிரையோ பொற்கொல்லர். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனித மாமிசம் சுடுகிற படங்கள் உண்மையா? பார்க்கவே கோரம்.

ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மன்காரர் பிரேசிலில் டுப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தார். 1557-ல் மார்பர்கில் புத்தகம் போட்டார். அதில் உள்ளவை எளிய மரக்கட்டைப் படங்கள். டி பிரை 1592-ல் அதையே செப்பில் பெரிதாக்கி, தசையும் தீயும் கூட்டி, மாமிசத்தைத் தின்னும் பெண்களையும் குழந்தைகளையும் முன்னுக்குக் கொண்டுவந்து போட்டார். நடுவே தாடியோடு அம்மணமாக ஒருவர் கையை உயர்த்தி நிற்பார். அவர்தான் ஸ்டாடன், நான் சாட்சி என்று சொல்கிற மாதிரி.

மனித மாமிசம் தின்னும் பழக்கமே அங்கே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். போரில் பிடித்தவரைச் சடங்கோடு கொன்று உண்டதைப் பிரெஞ்சுக்காரர்களும் ஜெசுயிட் பாதிரியார்களும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மக்களின் போர்ச் சடங்கை எடுத்து, ஒரு கண்டத்துக்கே அடையாளமாக ஒட்டியது அச்சுக்கூடத்தின் வேலை. 1505-லேயே ஆக்ஸ்பர்கில் வந்த ஒற்றைத் தாள் படத்தில் இறகுப் பாவாடை கட்டியவர்கள் கையையும் காலையும் தொங்கவிட்டிருப்பார்கள். அப்புறம் அமெரிக்கா என்றாலே இறகுப் பாவாடை என்று ஆகிவிட்டது.

கேள்வி: ஸ்பானியர்கள் கொடுமைகளைக் காட்டும் படங்கள் மட்டும் நியாயமானவையா?

லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1552-ல் அச்சிட்ட நூலில் சொல்வது நடந்த கொடுமை. 1598-ல் அதன் லத்தீன் பதிப்புக்கு டி பிரை குடும்பம் 17 படங்கள் போட்டது. போட்டவர்கள் ஸ்பெயினின் எதிரிகள், தாங்களே ஸ்பானியர்களால் துரத்தப்பட்டவர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. இதில் ஒரு வேடிக்கை, வியாபாரம் என்று வந்தால் டி பிரை குடும்பம் நெளிவு சுளிவு தெரிந்தது: பயண நூல் வரிசையில் அதே தகடுகளை வைத்துக்கொண்டு, புராட்டஸ்டன்ட்கள் வாங்கும் ஜெர்மன் பதிப்பில் ஒரு மாதிரியும், கத்தோலிக்கர்களும் வாங்கக்கூடிய லத்தீன் பதிப்பில் கொஞ்சம் அடக்கியும் எழுதினார்கள்.

கேள்வி: சில படங்களில் எல்லோரும் இடது கைக்காரர்களாக இருக்கிறார்களே?

மூல ஓவியத்தைத் தகட்டில் அப்படியே செதுக்கினால், அச்சில் இடம் வலமாக மாறிவிடும். கவனமான பட்டறை முதலிலேயே திருப்பிப் போட்டுச் செதுக்கும், அவசரக்காரர் விட்டுவிடுவார். இதை வைத்தே எது மூலம், எது நகல் என்று பல நேரம் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: மெர்கேட்டர் மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருப்பது காலனிய சதி என்கிறார்களே?

மேப் வரைவாளர் மெர்கேட்டர் 1569-ல் 18 தாள்களில் போட்ட உலக மேப் மாலுமிகளுக்கானது. ஒரே திசையில் கப்பலை ஓட்டினால் அந்தப் பாதை தாளில் நேர்கோடாக வர வேண்டும், அதற்கு வடக்கையும் தெற்கையும் இழுத்துத்தான் ஆக வேண்டும். சதி அதில் இல்லை. அதைப் பள்ளிச் சுவரில் மாட்டியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சதி இல்லை என்றால் மேப்பில் அரசியல் எங்கே இருக்கிறது?

பெயர்களில் இருக்கிறது. வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் 1612-ல் வெளியிட்ட வர்ஜீனியா மேப்பை முதலில் பாருங்கள். மேற்கு மேலே இருக்கும். ஆறுகளின் மேல்பகுதியில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் இருக்கும். அதுவரைதான் நாங்கள் போனோம், அதற்கு அப்பால் இருப்பது பூர்வகுடிகள் சொல்லக் கேட்டது என்று மேப்பிலேயே எழுதியிருக்கிறார். இவ்வளவு நேர்மையான மேப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. யார் அறிவில் அது உருவானது என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் அதே மேப்பில் நிற்கும் சஸ்குவஹானக் என்ற பூர்வகுடி வீரரின் உருவம் டி பிரை படத்தைப் பார்த்துப் போட்டது. நேரில் பார்த்தவருக்கும் பழைய படம் தேவைப்பட்டிருக்கிறது!

இப்போது அவரே 1616-ல் போட்ட நியூ இங்கிலாந்து மேப்புக்கு வாருங்கள். அச்சுக்குப் போகும் முன் இளவரசர் சார்லஸிடம் கொடுத்து, அங்கே வழங்கும் பெயர்களை மாற்றித் தரச் சொன்னார். இளவரசருக்கு அப்போது பதினைந்து வயது. அக்கோமாக் என்ற ஊர் பிளிமத் ஆனது. ஆங்கிலேயக் குடியேறிகளோடு மேஃப்ளவர் கப்பல் அங்கே வந்தது 1620-ல். ஒரு ஆங்கிலேயர்கூடக் குடியேறாத இடத்துக்கு நான்கு வருஷம் முன்பே ஆங்கில ஊர்ப்பெயர் தயாராக இருந்தது. அதைப் பார்ப்பவருக்கு அங்கே ஏற்கெனவே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று தோன்றவே தோன்றாது. துப்பாக்கி, பீரங்கி பற்றி நிறையப் பேசுகிறோம், என்னைக் கேட்டால் இந்தத் தாளும் அதே வரிசையில் வர வேண்டியது.

கேள்வி: கலிபோர்னியா தீவு, கடல் அரக்கர்கள் எல்லாம் ஏன்?

அரக்கர்கள் பெரும்பாலும் அலங்காரம், காலியிடத்தை நிரப்பினால் விலை கூடும். கலிபோர்னியா கதை வேறு: பதினாறாம் நூற்றாண்டு மேப்புகள் அதைத் தீபகற்பமாகச் சரியாகவே காட்டின. 1620-களுக்குப் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் தீவாகப் போட ஆரம்பித்து, கடைசியில் 1747-ல் ஸ்பானிய மன்னர் ஆறாம் ஃபெர்டினாண்ட் அது தீவு இல்லை என்று ஆணையே போட வேண்டியதாயிற்று.

கேள்வி: போர்ச்சுகல் மேப்புகளை ரகசியமாக வைத்திருந்தது என்கிறார்கள். அப்புறம் எப்படி வெளியே வந்தது?

காசுதான். 1502-ல் ஃபெராரா பிரபுவின் ஆள் அல்பெர்ட்டோ கான்டினோ, லிஸ்பனில் ஒரு உலக மேப்பைக் கையால் வரைய வைத்து இத்தாலிக்குக் கடத்தினார், கூலி 12 தங்க டுக்கட். பிரேசில் கரை, ஆப்பிரிக்கா, இந்தியக் கரை எல்லாம் அதில் உண்டு. மேப் இன்று மோடெனா நூலகத்தில் இருக்கிறது. நடுவில் கலவரத்தில் காணாமல் போய், ஒரு கசாப்புக் கடையில் கிடைத்தது.

கேள்வி: நம் பக்கத்தை எப்படி வரைந்தார்கள், அம்மா? யாழ்ப்பாணம், கோழிக்கோடு எல்லாம் உண்டா?

உண்டு. மோசமானதை முதலில் சொல்கிறேன். வர்தேமா என்ற இத்தாலியப் பயணி கோழிக்கோட்டில் பார்த்த தெய்வத்தைப் பிசாசு என்று எழுதினார். 1515-ல் ஆக்ஸ்பர்க் பதிப்புக்குப் படம் போட்ட யோர்க் ப்ராய், எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, போப்பாண்டவர் மாதிரி மூன்றடுக்குக் கிரீடம் வைத்து, ஆட்களைத் தின்னும் ஐரோப்பியப் பிசாசை வரைந்துவிட்டார். அதே ஆக்ஸ்பர்கில் 1508-லேயே ஹான்ஸ் புர்க்மயர், இந்தியா போய்வந்த ஷ்ப்ரெங்கரின் பயணத்தை வைத்துக் கொச்சி ராஜாவின் ஊர்வலத்தை மனிதர்களை மனிதர்களாகவே வரைந்திருந்தார். ஊர் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று, கைக்கு வந்த சரக்குதான் வேறு.

யாழ்ப்பாணத்துக்கு பால்டேயஸ் வேண்டும். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்த பிறகு அங்கே இருந்த மதகுரு, 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். தெல்லிப்பழை, மல்லாகம் போன்ற ஊர்களின் தேவாலயங்கள் படமாக இருக்கின்றன. தமிழ் எழுத்துகளையும் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். திருமாலின் அவதாரங்களும் உண்டு. பார்த்தால் மீனும் ஆமையும் நமக்கு அடையாளம் தெரியும். கருத்து என்னவோ மதகுருவின் கருத்துதான், அதைத் தனியே வையுங்கள்.

கேள்வி: சார், இணைய ஏலத்தில் ‘பதினேழாம் நூற்றாண்டு அசல்’ என்று ஒரு மேப் வருகிறது. வாங்கலாமா?

(சார் இல்லை, பரவாயில்லை.) பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இந்தக் கால அச்சு, அத்தோடு விட்டுவிடுங்கள். அசல் செப்பு அச்சில் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் சுற்றிலும் இருக்கும், விரலில் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் வரிவரியாகக் கம்பித் தடம் தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் பின்னால் வந்த தாள். அட்லஸிலிருந்து பிரித்ததென்றால் பின்பக்கம் எழுத்து இருக்கலாம், ஓர்ட்டேலியஸ் அட்லஸில் அப்படித்தான். வண்ணத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள், நிறைய மேப்புகளுக்கு வண்ணம் போன நூற்றாண்டில் பூசியது. முக்கியமாக, ஒரு முழுப் புத்தகத்தை வெட்டி விற்றது என்று தெரிந்தால் வாங்காமல் இருங்கள், அந்த வியாபாரத்துக்கு நாம் துணைபோக வேண்டாம்.

சும்மா பார்ப்பதற்கென்றால் காசே வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம், பிரிட்டிஷ் மியூசியம் மூன்றும் பெரிய அளவுப் படங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. நாடாளுமன்ற நூலகத்தில் வால்ட்சேமுல்லர் என்ற ஜெர்மன்காரர் 1507-ல் போட்ட உலக மேப்பிலிருந்து தொடங்குங்கள். 2003-ல் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஒரே பிரதி அது. தென்கண்டத்தின் கீழ்ப்பகுதியில் ‘அமெரிக்கா’ என்ற பெயர் இருக்கும். அதே ஆள் 1516-ல் போட்ட அடுத்த மேப்பில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார், ஆனால் அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.