எம்.எட். பாதியில் தடுமாறும் மகளுக்கு லண்டன் தீர்வல்ல

கொரட்டூரிலிருந்து ஓர் அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, சென்னையில் ஓர் அரசு கல்வியியல் கல்லூரியில் எம்.எட். முதலாண்டு படிக்கிறார். சேரும்போது இருந்த உற்சாகம் வடிந்துவிட்டது. ஆய்வறிக்கைக்குத் தலைப்பு அமையவில்லை, வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கவே தயங்குகிறார், "விட்டுடலாம்மா" என்று இரவில் அழுகிறார். இந்த நேரம் பார்த்து லண்டனில் இருக்கும் பெரியப்பா, "இங்கே ஒரே வருஷத்தில் மாஸ்டர்ஸ் முடிச்சிடலாம், அனுப்பி வையுங்க" என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்து 30 லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார் அம்மா.

வேண்டாம் அம்மா. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதைவிட, ஏன் வேண்டாம் என்று கணக்கோடு சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

30 லட்சத்தைப் பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 40,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. உங்கள் கணவர் இன்னும் சில வருடங்களில் ஓய்வு பெறப்போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பாவின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை.

சரி, கடனை வாங்கிப் படித்தே விட்டார் என்றால்? கல்வியியலில் மாஸ்டர்ஸ் வாங்கியதால் மட்டும் இங்கிலாந்துப் பள்ளிகளில் தகுதி பெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரம் கிடைத்துவிடாது. அதைத் தனியாகத்தான் பெற வேண்டும். படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் விசாவும் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு. திரும்பி வந்தால், அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் நெட் போன்ற தகுதித் தேர்வோ பிஎச்.டி.யோ அப்போதும் வேண்டும். இன்று நிற்கும் இடத்துக்கே 30 லட்சம் கடனோடு வந்து நிற்பார்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போன நாட்களில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குறை எண் கணக்குகளில் செய்த தவறுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று. யாரும் எழுதச் சொல்லவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. மைனஸ் 3-லிருந்து மைனஸ் 5-ஐக் கழித்தால் 2 வர வேண்டும். பிள்ளை மைனஸ் 8 என்று எழுதுகிறது. அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்தது என்று யோசிக்கிற பெண்ணுக்கு எம்.எட். தவறான படிப்பே அல்ல. அந்த நோட்டுக்குள்ளேயே ஆய்வறிக்கைத் தலைப்பு இருக்கிறது. அவர் படிப்பைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை, தனியாகப் படிக்கிறார். சிக்கல் அவ்வளவுதான்.

எம்.எட். வகுப்பில் இது சாதாரணமாக நடப்பது. பாதிப் பேருக்குக் குடும்பம், குழந்தை, டியூஷன் என்று வேறு பொறுப்புகள் இருக்கும். மணி அடித்ததும் கிளம்பிவிடுவார்கள். பி.எட்.டில் இருந்த கலகலப்பு இருக்காது. அப்புறம் தத்துவம், சமூகவியல், ஆய்வு முறையியல் எல்லாம் கனத்த ஆங்கிலத்தில் வந்து விழும். கணிதம் படித்தவருக்கு டி-டெஸ்ட் போன்ற புள்ளியியல் கணக்குகள் புரியும், பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் கை ஓடாது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்தவருக்கு நேர் எதிர். இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தனித்தனியாக அழுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆசிரியர் தேர்வு வாரியம், தனியார் பள்ளி வேலை இவற்றைப் பற்றி உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வருவது ஒரு சிறு படிப்பு வட்டம். நான்கு பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். வேறு வேறு பாடங்களிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும். ஒருவராவது பள்ளியில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவராக இருந்தால் மிக நல்லது. ஒரே கல்லூரியாக இருக்க வேண்டியதில்லை. சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், அசோக் நகர் ஸ்டெல்லா மாட்டுடினா என்று பல கல்லூரிகளில் கல்வியியல் மாணவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் கொஞ்சம் மாறலாம், ஆனால் ஆய்வறிக்கை எம்.எட். படிக்கும் எல்லோருக்கும் உண்டு.

சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சந்திக்கலாம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு. உள்ளே படித்துவிட்டு, வெளியே வந்து பேசலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் போனால் பெண்களுக்கு டிக்கெட் செலவும் இல்லை.

முதல் சில வாரங்கள் யாரும் எதுவும் எழுத வேண்டாம். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. ஆளுக்கு ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு, ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வரட்டும். எத்தனை மாணவர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், தகவல் திரட்ட எந்தக் கருவி (வினாநிரல் போன்றது), என்ன பகுப்பாய்வு என்று தமிழிலேயே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வெளிநாட்டுக் கட்டுரைகளுக்கு அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தளம் இருக்கிறது. முழுக் கட்டுரையும் கிடைப்பவை மட்டும் என்று அதில் வடிகட்டிக்கொள்ளலாம். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோடெரோ, புள்ளியியலுக்கு ஜமோவி, இரண்டும் இலவச மென்பொருள்கள். புள்ளியியலில் உங்கள் மகள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பார். நம்மாலும் ஒருவருக்கு உதவ முடிகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

பிறகு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து மாற்றிப் படிக்கலாம். படிப்பவர் தனக்கு என்ன புரிந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும், குறையை அப்புறம் சொல்லலாம். இதில் என்ன பயன் என்று கேட்பீர்கள். மாணவர்களுக்கான வினாநிரலில் "என் ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறார்" என்று ஒரு கூற்று இருக்கிறது என்று வையுங்கள். எழுதியவருக்கு அதில் தவறே தெரியாது. ஒன்பதாம் வகுப்பு எடுத்துப் பழகிய தோழி உடனே பிடிப்பார்: "தெளிவா நடத்துவார், ஆனா போரடிக்கும்னா பிள்ளை எங்கே டிக் போடும்?" முந்நூறு பேரிடம் கொடுத்து வாங்கிய பிறகு இந்தத் தவறு தெரிந்தால் எல்லாம் வீண்.

பள்ளிக்குள் போக அனுமதி வாங்குவது அடுத்த தலைவலி. கல்வி அலுவலகத்துக்கும் தலைமையாசிரியருக்கும் கடிதம் எப்படி எழுதுவது என்று பள்ளியில் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் டிசம்பரில் போய் நின்றால் வகுப்பு கிடைக்காது என்பதையும் அவர்தான் சொல்வார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பணம் கொடுத்தால் ஆய்வறிக்கையை எழுதித் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2018-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, மாணவரின் ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுதியவற்றோடு ஒற்றுமை இருந்தால் பதிவே ரத்தாகும். அதைவிட முக்கியம், தன் நோட்டை வைத்தே தானாக எழுதக்கூடிய பெண்ணிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. இந்த வட்டம் சிகிச்சை அல்ல. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த வருடம் இதே வட்டம் நெட் தேர்வுக்கும் உதவும். அதில் கல்வியியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து பழைய வினாத்தாள்களைப் பிரித்துப் படிப்பதே எளிது. நெட்டில் தேறுபவர்களில் சிலருக்குத்தான் ஆய்வு உதவித்தொகை கிடைக்கும், கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். இதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வும் உண்டு. உங்கள் மகளுக்கு இப்போது 24. பெரியப்பா அடுத்த முறை போன் செய்து "வயசு போகுது" என்றால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.