1974 என்று விற்ற கிட்டாருக்குள் 1979-ன் பாட்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் இணையத்தில் விளம்பரம் பார்த்து, பெங்களூரில் ஒருவரிடம் 1974 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வாங்கினேன். 'ஆல் ஒரிஜினல், ஒரிஜினல் பெயின்ட்' என்று போட்டிருந்தார். ₹6,50,000 கேட்டார், பேசி ₹4,80,000-க்கு முடித்தோம். இதே வருடத்துக் கிட்டார்கள் இதைவிடக் குறைந்த விலைக்குப் போவது பிறகுதான் தெரிந்தது. டெக்னீஷியன் திறந்து பார்த்துவிட்டு, மூன்று பாட்களில் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாகங்கள்) இரண்டு 1979-ல் செய்தவை, கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் நிறம்) இருக்கிறது என்கிறார். விற்றவரோ, 'பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது, விலைக்குச் சம்மதித்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார். அநியாய விலை வாங்கியதற்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: அநியாய விலை என்பதை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். அதை முன்னால் வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபமாகிவிடும்.

பழைய கிட்டாருக்கு எம்ஆர்பி கிடையாது. அந்த விதிகள் பொட்டலமிட்டு விற்கும் புதுப் பொருளுக்கானவை. ஒருவர் தன் கிட்டாருக்கு 6 லட்சமும் கேட்கலாம், 60 லட்சமும் கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 20-வது பிரிவிலுள்ள விளக்கம், பொருளின் மதிப்பைப் பற்றிய தப்புக் கணக்கு 'பொருண்மை (உண்மை விவரம்) பற்றிய தவறு' ஆகாது என்கிறது. 25-வது பிரிவின் இரண்டாவது விளக்கமும் விலை பொருத்தமில்லை என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆனால் அதே விளக்கத்தில் ஒரு கொக்கி உண்டு: சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்று பார்க்கும்போது விலைப் பொருத்தமின்மையையும் கணக்கில் எடுக்கலாம். விலையை அந்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளில் நியாயமற்ற விலை பற்றி ஒரு விதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது தளத்தை நடத்தும் நிறுவனம் விலையில் கைவைப்பதைத் தடுப்பது. விற்பவர் தானே போட்ட விலைக்கு அது பொருந்தாது.

விலை குறித்து அவர் சொன்ன வார்த்தைகள் வேறு கதை. 'மார்க்கெட்டில் 9 லட்சத்துக்குப் போகிறது, உங்களுக்காக 4.80' என்ற மாதிரி ஏதாவது சாட்டில் இருக்கிறதா, தேடுங்கள். இதே மாதிரிப் பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. இதை மறுக்க, கேட்கும் விலைகளின் பட்டியலைக் கொண்டுபோகாதீர்கள். மாதக்கணக்காக விற்காமல் கிடக்கும் விளம்பரம் எதையும் நிரூபிக்காது. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டி வரும் முடிந்த விற்பனைகளும், இசைக்கருவி விற்பனைத் தளமான ரிவெர்பின் விலை வழிகாட்டியும்தான் உதவும். அதே வருடம், அதே நிலையில் உள்ள நான்கைந்தை எடுங்கள். வெளிநாட்டு விலையோடு சரக்குக் கட்டணம், சுங்கம் சேரும் என்பதையும் மறக்காதீர்கள், எதிர்த்தரப்பு மறக்காது.

இனி உங்கள் வழக்கின் பலம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 15-வது பிரிவு: விவரணையைச் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும். '1974', 'ஆல் ஒரிஜினல்', 'ஒரிஜினல் பெயின்ட்' மூன்றும் விவரணை. 'அருமையான டோன்' என்பது வியாபாரப் பேச்சு, அதை விட்டுவிடுங்கள். 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி, மனம் மாறித் திருப்பித் தருபவரைத் தடுக்கும். சொன்ன பொருளே வரவில்லை என்பவரை அது கட்டுப்படுத்தாது.

'ஆல் ஒரிஜினல்' என்பதை உடைக்கப் பாட் எண் உங்கள் சிறந்த சாட்சி. வால்யூம், டோன் கன்ட்ரோலின் உலோகக் கூட்டில் 1377922 என்ற மாதிரி ஏழு இலக்கம் குத்தியிருக்கும். 137 என்றால் சிடிஎஸ் நிறுவனம், 79 வருடம், 22 வாரம். மூன்றாவது பாட்டில் 1377340 என்ற மாதிரி இருந்தால் அது 1973-ன் 40-வது வாரம். 1974 கிட்டாருக்குப் பொருந்தும். பாட் கிட்டாரைவிடப் பழையதாக இருக்கலாம்: ஃபெண்டர் 1966-ல் மொத்தமாக வாங்கிய பாட்களைச் சில வருடங்கள் பயன்படுத்தியது. ஆனால் 1974-ல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கிட்டாருக்குள் 1979-ல் செய்த பாட் இருக்க வழியே இல்லை. அந்த இரண்டும் பிறகு மாற்றியவை, 'ஆல் ஒரிஜினல்' பொய். கிட்டார் 1974-ஆ என்பதை மட்டும் இது தீர்க்காது. அதற்கு நெக்கை (கிட்டாரின் கழுத்தை) கழற்றி, அதன் அடிப்பகுதியில் உள்ள தேதியையோ முத்திரையையோ பார்க்க வேண்டும். நெக்கை உடலோடு இணைக்கும் நெக் பிளேட்டில் உள்ள வரிசை எண்ணை நம்பாதீர்கள். மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளேட் மாறிவிடும்.

பெயின்ட் சற்று வழுக்கும். 1960-களில் தொழிற்சாலையே சன்பர்ஸ்ட் மேல் வேறு நிறம் அடித்த ஃபெண்டர்கள் உண்டு, அதைத்தான் அவர் சொல்வார். அடித்தது தொழிற்சாலையின் பாலியெஸ்டர் பெயின்ட்டா, பின்னால் அடித்ததா என்பதை டெக்னீஷியன் அறிக்கையில் காரணத்தோடு எழுத வேண்டும். மறு பெயின்ட் என்று நிலைநாட்டினால் தொகை பெரிது. வியாபாரிகள் மறு பெயின்ட் அடித்ததற்கு வழக்கமாகப் பாதி விலைதான் போடுவார்கள்.

இன்றிலிருந்து கிட்டாரில் யாரும் சால்டர் வைக்கக் கூடாது. பாட்டை மாற்றுவது, ஃபிரெட் போடுவது, நெக்கைச் சரிசெய்வது எதுவும் வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, சொந்தக்காரர் போல நடந்துகொண்டாலோ, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலம் வைத்துக்கொண்டாலோ பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பிறகு திருப்பித் தரும் உரிமை போய், 59-வது பிரிவின்படி மதிப்புக் குறைவைக் கேட்கும் உரிமைதான் மிஞ்சும். எனவே இந்த வாரமே எழுத்தில் நிராகரியுங்கள். பில்லில் காலம் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது.

விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் மறையும். தள முகவரியும் தேதியும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், மேலிருந்து கீழ்வரை உருட்டி ஸ்க்ரீன் ரெக்கார்டும் எடுங்கள். சாட்டை முழுதாக ஏற்றுமதி செய்யுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் வெட்டியது என்பார்கள். பணம் அனுப்பிய வங்கிப் பரிவர்த்தனை எண், கூரியர் ரசீது வேண்டும். பாட் எண்களைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், அதே படத்தில் கிட்டாரின் உடலும் தெரியட்டும். மின்னணு ஆவணங்களுக்கு, பாரதிய சாட்சிய சட்டம், 2023-ன் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்கிறார்கள். இதை விட்டுவிட்டு வருபவர்கள் எக்கச்சக்கம்.

விற்றவர் யார் என்பதில்தான் எந்த வாசலுக்குப் போவது என்பது இருக்கிறது. அவருடைய பக்கத்தில் எட்டுப் பத்து கிட்டார்கள் விற்பனைக்கு இருக்கிறதா, கடைப் பெயர், ஜிஎஸ்டி எண் உண்டா? இருந்தால் அவர் வியாபாரி. தன் வீட்டுக் கிட்டார் ஒன்றை விற்கும் தனி ஆளுக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது, அதை விதிகளே சொல்லிவிட்டன. நுகர்வோர் புகாரும் நிற்பது கடினம். அப்படியானால் சிவில் நீதிமன்றம்; தமிழ்நாட்டில் கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 3 ஆண்டு காலவரம்பு.

வியாபாரி என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் போடலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது, பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறை அதைவிட நீளும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'முதலீடாக வாங்குகிறேன், பிறகு விற்பேன்' என்று சாட்டில் எழுதியிருந்தால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று விற்றவர் எதிர்ப்பார். வாசிக்கத்தான் வாங்கினேன் என்பதற்கு ஆதாரம் வையுங்கள். கச்சேரி வாசித்துப் பிழைப்பவர் என்றாலும் பிழைப்புக்குத் தானே பயன்படுத்துபவரையும் நுகர்வோராகக் கருதும் சுயதொழில் விலக்கு உங்களுக்கு உண்டு.

போலீஸ் புகார் கேட்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவான 318-க்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். அவரே முந்தைய சொந்தக்காரரை நம்பி வாங்கியிருந்தால் அது நிற்காது, 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தச் சட்டம் 18-வது பிரிவின் தவறான கூற்றுக்கு ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை. ஆனால் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்று 19-வது பிரிவின் விலக்கைக் காட்டுவார். பிக்கார்டுக்குள் (கிட்டாரின் முன்பக்கத் தகட்டுக்குள்) என்ன இருக்கிறது என்று திருச்சியில் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பது உங்கள் பதில். வாங்குமுன் உள்படம் கேட்டு அவர் மறுத்திருந்தால் அந்தச் செய்தி தங்கம்.

நோட்டீஸில் கேட்க வேண்டியது: ₹4,80,000, கூரியர் செலவு, டெக்னீஷியன் கட்டணம். பதில் தர 15 நாள். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தளம் ஒன்றின் வழியாக நடந்த விற்பனை என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம், சில விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

கிட்டாரை வைத்துக்கொள்ள ஆசை என்றால், ₹1,50,000 முதல் ₹2,00,000 வரை திரும்பப் பெற்று எழுத்தில் முடித்துக்கொள்வது பல மாத வழக்கைவிட மேல். திருப்பித் தருவதாக முடிவானால் முதலில் நீங்கள் கூரியரில் அனுப்பாதீர்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி நிராகரிக்கிறேன் என்று தெரிவித்தால் போதும், திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பில்லை. பணம் கணக்கில் ஏறிய பிறகு, அவர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளட்டும். பாட் எண்களோடு ஓர் ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.