ஒரே அலாரம் ஏன் ரெண்டு தடவ வருது?

கேள்வி: ஐஸ் பிளான்ட் வச்சிருக்கோம் சார், குளிர் ரூம் சென்சார் எம்க்யூடிடி-ல அனுப்புற அலாரம் சில நேரம் ரெண்டு தடவ வருது, சென்சார் கோளாறா? (வாசகர், மண்டபம்)

பதில்: கோளாறு இல்லீங்க. எம்க்யூடிடிங்கிறது சென்சார் மாதிரி சின்னக் கருவிங்க மெசேஜ் அனுப்புற முறை. செட் பண்ணுனவரு அதுல கியூஓஎஸ் 1 போட்டிருப்பாரு, அதாவது மெசேஜ் ஒரு தடவையாவது போய்ச் சேரணும்ங்கிற செட்டிங். அதுல மெசேஜ் கிடைச்சதும் புரோக்கர் (நடுவுல மெசேஜ வாங்கி உங்களுக்கு அனுப்புற சர்வர்) 'பப்அக்'னு, 'கிடைச்சிருச்சு'ன்னு பதில் அனுப்பணும், பாம்பன் காத்துல சிக்னல் போய் அந்தப் பதில் நடுவுல தொலைஞ்சா சென்சாருக்கு மெசேஜ் போச்சா போகலயான்னே தெரியாது, திரும்ப லைன் கிடைச்சதும் அதையே இன்னொரு தடவ தள்ளிவிடும். எம்க்யூடிடியே 1999ல எண்ணெய்க் குழாயக் கண்காணிக்க, சாட்டிலைட் லைனுக்குன்னு எழுதுனதாச்சே, அப்படித்தான் இருக்கும். கியூஓஎஸ் 2ன்னா ஒரே தடவதான், ஆனா மெசேஜுக்கு நாலு பாக்கெட் ஓடணும், வீக் சிக்னல்ல வீண் வேலை. ஒவ்வொரு அலாரத்துக்கும் தனி நம்பர் போட்டு, அதே நம்பர் மறுபடி வந்தா விட்டுடச் சொல்லுங்க. இன்னொண்ணு, சென்சாருக்கு பப்அக் வந்தா மெசேஜ் புரோக்கர் வரைக்கும் போச்சுன்னுதான் அர்த்தம், நீங்க ஃபோனப் பாத்தீங்களான்னு அதுக்குத் தெரியாது.