செகண்ட் லைஃப் என்னும் இணையவழி மெய்நிகர் உலகில் அடிக்கடி இணைப்பு அறுந்துபோகிறது. இணைய வேகம் நன்றாக இருந்தும் இப்படி நடப்பது ஏன்?

எனக்கும் நான்கு மாதங்கள் இதே தொல்லை இருந்தது. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வேகச் சோதனை ஒவ்வொரு முறையும் 90-க்கு மேல்தான் காட்டியது. ஆனாலும் மாலை ஏழு மணிக்குப் பிறகு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உள்ளே இருக்க முடியவில்லை. அந்த வேகச் சோதனையை நம்பித்தான் பல வாரங்களை வீணாக்கினேன்.

லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய இந்த உலகம், 256 மீட்டர் பக்க அளவுள்ள சதுர ரீஜன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ரீஜனையும் சிமுலேட்டர் என்னும் சர்வர் நிரல் ஒன்று நடத்துகிறது. மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்களும் முப்பரிமாண வடிவங்களான மெஷ்களும் சாதாரண இணையப் பக்கங்களைப் போல எச்டிடிபி வழியாக வருவதால், இடையில் ஏதாவது தொலைந்தாலும் மறுபடி வந்து சேர்ந்துவிடும். நம் நடமாட்டமும் பிறருடைய நடமாட்டமும், தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத யூடிபி வழியாகச் செல்கின்றன. அந்த வழியில் பாக்கெட்டுகள் என்னும் தரவுத் துண்டுகள் தொடர்ந்து தொலைந்து, சிமுலேட்டரிடமிருந்து பதிலே வராமல் போனால், நம் கணினியில் இயங்கும் மென்பொருளான வியூவர் நம்மை வெளியேற்றிவிடுகிறது. குரல் உரையாடல் வேறொரு சேவை வழியாக நடப்பதால், நண்பர் பேசுவது காதில் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவருடைய அவதார் மட்டும் நேர்கோட்டில் சுவரை ஊடுருவி நடந்துகொண்டே போகும். அதைப் பார்த்தால் அடுத்த நிமிடம் வெளியேற்ற அறிவிப்பு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்திப் புள்ளிவிவரப் பட்டையைத் திறந்து, அதில் பாக்கெட் லாஸ், பிங் சிம் என்னும் இரண்டு வரிகளையும் கவனியுங்கள். சர்வர்கள் அமெரிக்காவில் இருப்பதால் எனக்குப் பிங், அதாவது தகவல் போய்ப் பதில் திரும்பும் நேரம், 270 மில்லிசெகண்டுக்குக் குறைந்ததே இல்லை. அசைவு சற்றுத் தாமதமாகுமே தவிர, அதனால் மட்டும் இணைப்பு அறுவதில்லை. பாக்கெட் லாஸ் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பகலில் 0.0 என்று இருந்த அந்த எண், மாலையில் 3, 5, 8 சதவீதம் என்று ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் வீடு திரும்பும் நேரத்தில் அந்த அலைவரிசையில் நெரிசலுக்குக் கேட்கவா வேண்டும்! 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்றை வாங்கி ரௌட்டரில் நேராகச் செருகிய அன்றே எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கூடத்தின் குறுக்கே கேபிள் கிடப்பது பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வாங்குகிறேன்.

அதன் பிறகு, ஓரிடத்தில் நின்றிருக்கையில் இணைப்பு அறுவது நின்றது. ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவும் டெலிபோர்ட்டின்போது மட்டும் நீடித்தது. இது வேறு நோய். புதிய ரீஜனுக்குள் நுழையும்போது, அதனுடன் மட்டுமின்றிச் சுற்றியுள்ள ரீஜன்களுடனும் வியூவர் தனித்தனி யூடிபி இணைப்புகளைத் திறக்கிறது. என் பழைய ரௌட்டரில் யூடிபி வெள்ளத் தடுப்பு என்றொரு பாதுகாப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. இந்தத் திடீர்ப் பெருக்கை அது தாக்குதல் என்று கருதித் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் அணைத்தேன், ஃபயர்வாலை முழுவதுமாக அல்ல. கூடவே எவ்வளவு தொலைவு வரை காட்சி தெரிய வேண்டும் என்னும் டிரா டிஸ்டன்ஸை 512 மீட்டரிலிருந்து 128-க்குக் குறைத்தேன். தொலைவு குறைந்தால் இணைப்பு வைத்திருக்க வேண்டிய ரீஜன்களும் குறையும்.

வியூவர் அமைப்பில் உள்ள அதிகபட்ச பேண்ட்வித்தை, இணையம் வேகமானது என்பதற்காகக் கடைசி வரை ஏற்றி வைக்காதீர்கள்; 1500 கேபிபிஎஸ் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏற்கெனவே இறக்கியவற்றைக் கணினியில் சேமித்து வைக்கும் கேஷை அழிக்கச் சொல்பவர்கள் நிறைய உண்டு. அதனால் எல்லா டெக்ஸ்சர்களும் மறுபடி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அதைக் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்வதே நல்லது. செவ்வாய், புதன்கிழமைகளில் பராமரிப்புக்காக ரீஜன்களை வரிசையாக மறுதொடக்கம் செய்வதுண்டு. அப்போது முன்கூட்டியே எச்சரிக்கை வரும், வேறு ரீஜனுக்குப் போய்விட்டால் போதும்.

கேபிளில் இணைத்த பிறகும் பாக்கெட் லாஸ் குறையவில்லை என்றால், பழுது வீட்டுக்கு வெளியே இருக்கக்கூடும். ஒரு மாலை முழுவதும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இயக்கிப் பாருங்கள். அதில் அறுந்துபோகாமல் இருந்தால், இரண்டு இணைப்புகளிலும் வந்த எண்களை நேரத்துடன் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்; வேகம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது காட்டுவதற்கு அந்தக் குறிப்பு உதவும்.