ஐரின் என்று தாராளமாகப் பெயரிடலாம்

சகோதரி, மகளுக்கு ஐரின் என்று பெயரிட ஆசைப்படுகிறீர்கள். அது கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயராயிற்றே என்று மாமியார் மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது உண்மைதான். ஐரின் என்பதன் கிரேக்க வடிவம் எய்ரேனே; அதற்குச் சமாதானம் என்று பொருள். ஏதென்ஸ்காரர்கள் அதையே தெய்வமாக்கி, செல்வத்தின் உருவான குழந்தை புளூட்டோஸை இடது கையில் ஏந்தி நிற்பவளாக அவளுக்குச் சிலையும் வைத்தார்கள்.

ஆனால் உயிர்த்தெழுந்த இயேசு, பூட்டிய வீட்டுக்குள் சீடர்கள் நடுவே வந்து நின்று "உங்களுக்குச் சமாதானம்" என்கிறாரே, யோவான் 20:19, அதன் கிரேக்க மூலத்தில் இருப்பதும் இதே சொல்தான்! 304இல் தெசலோனிக்காவில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட சகோதரிகள் மூவரில் ஒருத்தியின் பெயரும் இதுவே. மாமியாரிடம் அந்த வசனத்தைக் காட்டிப் பொறுமையாகப் பேசுங்கள். கிரீஸில் இன்று இரீனி என்கிறார்கள். வீட்டில் செல்லமாகக் கூப்பிட அது அழகாக இருக்கும்.