58 வயதில் உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில் கலந்துகொள்ள முடியுமா? தகுதிச் சுற்று உண்டா?

கேட்டவர் சொன்ன விவரம்: வயது 58, கல்லூரிக் காலத்தில் குண்டு எறிதலும் 100 மீட்டரும், இடையில் முப்பது வருட இடைவெளி, இப்போது இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. ஜப்பானில் நடக்கும் போட்டிக்குப் போக ஆசை.

உலக மாஸ்டர்ஸ் விளையாட்டு, வயதில் மூத்தவர்களுக்குப் பல விளையாட்டுகளில் நடக்கும் உலகப் போட்டி. அதற்குத் தகுதிச் சுற்று கிடையாது. குறைந்தபட்ச வயது நிரம்பியிருந்து, கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் போதும். நாட்டின் அணியில் இடம்பிடிக்க வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். 1985-ல் டொரன்டோவில் தொடங்கியபோதே இதன் அடிப்படை இதுதான். 2009-ல் சிட்னியில் 28,000 பேருக்கு மேல் போட்டியிட்டார்கள். அதே ஊரில் நடந்த 2000 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஜப்பானின் கன்சாய் பகுதிப் போட்டி 2021-ல் நடக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மே 14 முதல் 30 வரை என்று முடிவானது.

இதையும் உலக மாஸ்டர்ஸ் தடகள சாம்பியன்ஷிப்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது தடகளத்துக்கு மட்டுமானது, 35 வயதிலிருந்து தொடங்குவது, 1975-லிருந்து நடப்பது. அதற்கான பதிவு உங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற மூத்தோர் தடகளச் சம்மேளனம் வழியாகப் போகும். 'மாஸ்டர்ஸ்', 'வெட்டரன்', 'சர்வதேச' என்ற சொற்களைப் பெயரில் வைத்துக்கொள்வது யாருக்கும் எளிது. ஆகவே பணம் கட்டுமுன், உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் இணையதளத்தில் உள்ள உறுப்பு நாடுகளின் பட்டியலில் அந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது வயதுப் பிரிவு. ஆட்டத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. பிரிவுகள் ஐந்து ஐந்து வருடமாகப் போகும். தடகள சாம்பியன்ஷிப்பில் போட்டியின் முதல் நாளன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. நீச்சலில் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அது. உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி விதிப்புத்தகம் இருப்பதால் தேதியை அதில் பார்த்துவிடுங்கள். 58-ல் நீங்கள் 55–59 பிரிவு. உங்களுக்குக் குண்டு 6 கிலோ. 60 ஆனதும் 5 கிலோ. வட்டு 1.5 கிலோவிலிருந்து 1 கிலோவாகும், ஈட்டி 700 கிராமிலிருந்து 600 கிராமாகும். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டரிலிருந்து 83.8-க்கு இறங்கும். 59 வயதுக்காரர் அதே 6 கிலோவை 55 வயதுக்காரரோடு போட்டியிட்டு எறிகிறார். மறுவருடம் அவரே தன் பிரிவின் இளையவர், கையில் இருப்பதும் ஒரு கிலோ குறைந்த குண்டு. எறிபவர்கள் 60-ஐ ஆவலோடு எதிர்பார்ப்பது இதனால்தான். ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான் பணம் சேர்க்க முடியும் என்றால், 60 நிரம்பும் வருடத்துக்குத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். அவசரமில்லை என்றால்.

இந்தக் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி மட்டுமே செல்லும். நம் ஊரில் அந்தத் தலைமுறைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, வீட்டில் தெரிந்த தேதி ஒன்று என்று இருப்பது வழக்கம். உண்மையில் உங்களுக்கு 60 ஆகியிருந்தும் பாஸ்போர்ட்டில் 59 என்றால் 6 கிலோதான். திருத்த வேண்டுமென்றால் இப்போதே தொடங்குங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும்.

குண்டு வாங்க அலைய வேண்டாம். 6 கிலோ என்பது 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான எடை. 5 கிலோ, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு. 1.5 கிலோ வட்டும் 700 கிராம் ஈட்டியும்கூட 18 வயதுப் பையன்களுடையவைதான். பக்கத்துப் பள்ளி, கல்லூரி உடற்கல்வி ஆசிரியரிடம் இவை இருக்கும். பழைய நினைப்பில், வளர்ந்த ஆண்களுக்கான 7.26 கிலோவை எடுத்து முதல் வாரமே எறிந்து தோளையும் மணிக்கட்டையும் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். முதல் ஆறு வாரம் 4 கிலோவில் நின்ற இடத்திலிருந்து எறியுங்கள், வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்கு 20 எறிகளுக்கு மேல் வேண்டாம். பிறகு 5, பிறகு 6. சறுக்கல் முறையா சுழல் முறையா என்று கேட்பீர்கள். சறுக்கலே போதும். சுழலில் முழங்காலுக்கும் இடுப்புக்கும் வரும் திருகல் இந்த வயதில் கட்டுப்படியாகாது.

ஃபவுல்கள் பெரும்பாலும் பழக்கம் விட்டுப்போனதால் வருபவை. 2.135 மீட்டர் வட்டத்தை விட்டுப் பின்பாதி வழியாக, குண்டு தரையில் விழுந்த பிறகுதான் வெளியே வர வேண்டும். முன்னால் உள்ள தடுப்புக் கட்டையின் உள்பக்கத்தைக் கால் தொடலாம், மேல்பரப்பைத் தொடக்கூடாது. இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் சுற்றக்கூடாது. மணிக்கட்டுக்குக் கட்டு, இடுப்புக்கு பெல்ட் போடலாம். முதல் மூன்று எறிகளுக்குப் பிறகு முன்னணியில் உள்ள எட்டுப் பேருக்குத்தான் வழக்கமாக மேலும் மூன்று கிடைக்கும். அதனால் முதல் எறியைச் சுமாராகவாவது செல்லுபடியாகும்படி எறிந்துவிடுங்கள்.

100 மீட்டர்தான் உங்கள் விஷயத்தில் கவலை தருகிறது. நெஞ்சு தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து மருத்துவரின் சம்மதம் வாங்கிய பிறகே வேகப் பயிற்சி. ஆனால் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்புவது தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும்தான். தசை இரண்டு மாதத்தில் வலுப்பெற்றுவிடும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாருக்கு அதைவிட நெடுநாள் ஆகும். உடம்பு தயார் என்று மனம் சொல்லும்போது தசைநார் தயாராக இருக்காது. அந்த இடைவெளியில்தான் பட்டென்று போகிறது.

எனவே முதல் எட்டு வாரம் முழு வேகம் கிடையாது. குதிகால் தூக்கும் பயிற்சியை முழங்கால் நேராக 15 முறை, மடக்கி 15 முறை, இப்படி மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது பின்தசைக்கு. வாரம் இரண்டு நாள், ஐந்து முறை போதும், கூடினால் மறுநாள் நடக்க முடியாது. ஓட்டத்துக்கு லேசான ஏற்றமுள்ள புல்தரை அல்லது மண்பாதையில் 40 மீட்டர், முக்கால் வேகம், ஆறு முறை. ஏற்றத்தில் காலடி நீளாது என்பதால் பின்தசை பிழைக்கும். ஒன்பதாவது வாரத்திலிருந்து சமதளத்தில் 60 மீட்டர். ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த காலணி கடைசி மாதம் மட்டும். செயற்கைத் தடத்துக்கு 6 மில்லிமீட்டர் ஆணி போதும், 9 தான் உச்சவரம்பு. இரண்டு வேகப் பயிற்சிகளுக்கு நடுவே மூன்று நாள் விடுங்கள். இளைஞர்களுக்கு இரண்டு நாள் போதும், நமக்குப் போதாது.

இன்னொன்று: மாஸ்டர்ஸ் தடகளத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் (காலை ஊன்றி உந்தித் தொடங்கும் கட்டை) கட்டாயமில்லை, குனிந்து கையூன்றித் தொடங்குவதும் கட்டாயமில்லை. நின்றபடியே ஓடத் தொடங்கலாம். கௌரவத்துக்காக பிளாக் வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டாம்.

மாத்திரை பற்றி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் வயதுச் சலுகை கிடையாது. அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின், கொழுப்புக்கான ஸ்டாட்டின் இவற்றுக்குத் தடை இல்லை. சிக்கல் கூட்டு மாத்திரைகளில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'எச்' என்றோ 'சிடி' என்றோ இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கும். இரண்டும் சிறுநீர் பெருக்கிகள், எல்லாக் காலத்திலும் தடை. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டா பிளாக்கர் தடகளத்துக்குப் பரவாயில்லை, வில்வித்தைக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் ஆகாது. அதை எடுத்தால் நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியின் கடுமையைக் கூட்டாதீர்கள்.

இன்சுலின், நெஞ்சுவலிக்கு நம் ஊரில் எழுதித் தரும் டிரைமெட்டாசிடின், 'சத்து ஊசி' என்று போடப்படும் நான்ட்ரோலோன் மூன்றும் தடைப் பட்டியலில் உள்ளவை. போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் தடை, மூட்டுக்குள் போடுவதும் சேர்த்து. டிரமடால் என்ற வலி மருந்து 2024-லிருந்து போட்டியின்போது தடை. இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். மாற்று இல்லை என்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு மருத்துவச் சான்றுகளோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வலிக்கு இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு வெயிலில் எறியப் போவதும் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையும் நீர்ச்சத்துக் குறைவும் அதோடு சேர்ந்தால் அடி வாங்குவது சிறுநீரகம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது 'ஏற்கெனவே உள்ள நோய்', 'போட்டி விளையாட்டு' இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான திட்டங்களில் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 மணி ஓட்டம் உங்கள் உடம்புக்கு விடியற்காலை 4.30. மூன்று நான்கு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள், அல்லது ஒரு வாரம் முன்பே இங்கிருந்தே சீக்கிரம் தூங்கிப் பழகுங்கள்.

பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் ஆக்லாந்தில் 101 வயது மன் கௌர் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அவர் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவரே. அதனால் அவர் ஓட்டத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் உயர்ந்த வயதுப் பிரிவுகளில் பதக்கம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் முன்னேற்றத்தை அளக்க நேர்மையான கோல் வயதுத் தரக் கணக்கு. உங்கள் நேரத்தை அந்த வயதுக்கான உலகத்தரத்தோடு ஒப்பிட்டு சதவீதமாகச் சொல்லும். 70 என்றால் வட்டார அளவில் நல்ல ஆள், 80 என்றால் தேசிய அளவு.

களத்தில் இறங்கும் நாளில் அதிகம் பேர் தவறவிடுவது ஓட்டத்தை அல்ல, முன்பதிவு உறுதிப்படுத்தலை. பதிவு செய்திருந்தாலும், இந்தப் போட்டியில் நான் இறங்குகிறேன் என்று குறித்த நேரத்துக்குள் மறுபடி உறுதி செய்ய வேண்டியிருக்கும். தவறினால் பெயர் பட்டியலில் இருக்காது. சொந்தக் குண்டு கொண்டுபோனால் எடை பார்த்து முத்திரை வாங்க அதையும் முன்பே ஒப்படைக்க வேண்டும். உங்கள் ஓட்டமும் எறிதலும் ஒரே நாளில் வந்தால் இரண்டு இடத்திலும் போட்டிக்கு முன் ஆஜராக வேண்டிய அறைக்கான ('கால் ரூம்') நேரம் மோதும், அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் முறை போவதென்றால் குண்டு மட்டும் எறியுங்கள். 100 மீட்டர் அடுத்த தடவைக்கு.