இல்லாத புத்தகங்களுக்கு ஒரு கேட்லாக்

(நூலகம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, குழித்துறைக்காரரான ஓய்வுபெற்ற நூலகர் பதில் தருகிறார்.)

கேள்வி: வணக்கம் சார். நானும் கூட்டுகாரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் ஊர் வாசகசாலைக்கு மென்பொருள் எழுதுகிறோம். புத்தகங்கள் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. சோதித்துப் பார்க்க 1,000 புத்தகங்களின் போலி விவரம் வேண்டும். பைத்தான் மொழியில் போலி விவரம் தயாரித்துத் தரும் ‘ஃபேக்கர்’ என்ற நிரலை ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்கிறான் ஒருவன். அது போதுமா?
*- கல்லூரி மாணவர், களியக்காவிளை*

ஃபேக்கர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் பெயர் தரும், புத்தகத்துக்கு உரிய தனி எண்ணான ஐஎஸ்பிஎன் தரும், தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. ஆனால் அந்த 1,000 புத்தகமும் தலைசீவிப் பவுடர் போட்டுப் பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் மாதிரி வந்து நிற்கும். உங்கள் வாசகசாலை அலமாரி அப்படியா இருக்கிறது? ஸ்டாக் ரெஜிஸ்டரின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். போலி எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கங்கள்தான் சொல்லும்.

ஆண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகப் பக்கம் வந்தன. அதற்கு முன்பே தொடங்கிய வாசகசாலை என்றால் மலையாளப் புத்தகங்கள் கட்டாயம் இருக்கும்; அவற்றில் பலவற்றில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் அச்சாகியிருக்கும். ‘99 வெள்ளம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது கொல்லம் 1099, அதாவது 1924. ஒரு புத்தகத்தில் 1110 என்று போட்டிருந்தால் உங்கள் மென்பொருள் அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொண்டு வைத்துவிடும். 825-ஐக் கூட்டினால் சரியாகிவிடுமே என்பீர்கள். ஆகாது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. 1110 என்பது 1934 ஆகஸ்டில் தொடங்கி 1935 ஆகஸ்டில் முடிகிறது. பாதிப் புத்தகத்துக்கு 824, மீதிக்கு 825. அதனால்தான் கேட்லாக் போடுகிறவர்கள் அச்சில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் பகர அடைப்புக்குள் ‘1934 அல்லது 1935’ என்று சேர்ப்பார்கள். உங்கள் ஆண்டுக் கட்டம் நான்கு இலக்கம் மட்டும் ஏற்கும் என்றால் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

தமிழ்ப் பக்கம் வேறு வேடிக்கை. திருவள்ளுவர் ஆண்டு போடுகிற பதிப்பகங்கள் உண்டு. 2024-இல் வந்த புத்தகத்தில் 2055 என்று இருக்கும். ‘நடப்பு ஆண்டைத் தாண்டினால் பிழை’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி அந்த நல்ல புத்தகத்தை வெளியே தள்ளும். ‘விரோதி வருஷம்’ என்பதோடு நிறுத்திக்கொண்ட பழைய பதிப்புகளும் உண்டு. போலிப் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் இருபது முப்பது போடுங்கள். ஆண்டே இல்லாதவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

விலையும் அப்படித்தான். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய், அணா, பைசா கணக்கு. ‘1-8-0’ என்றால் ஒன்றரை ரூபாய். அதை எக்செலில் 1-8 என்று சுருக்கி அடித்தீர்களானால் கண்ணெதிரே தேதியாக மாறிவிடும்.

அடுத்தது எழுத்து. கொல்லம் என்பதில் உள்ள ‘கொ’வைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக வைத்துக்கொள்ள முடியும்: க-வோடு ஒரே குறியாக ஒகரம், அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் தரும் யூனிகோடில் இதற்கு என்எஃப்சி என்று ஒரு சீராக்கும் முறை இருக்கிறது. பதிவை ஏற்றும்போதும் தேடும்போதும் அதை ஓட்டினால் இது தீரும். ஔவையார் தீரமாட்டார். முதலெழுத்தை முறைப்படி ‘ஔ’ என்று அடிப்பவர் ஒருவர். ‘ஒ’ அடித்து, ‘ள’ அடித்து, பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்று போய்விடுகிறவர் பத்துப் பேர். இதை என்எஃப்சி தொடாது, நீங்கள்தான் தனியாக விதி எழுத வேண்டும். மலையாளத்தில் உயிர் சேராத மெய்யைக் காட்டும் சில்லு எழுத்துகளுக்கும் இதே கதை: 2008-இல் யூனிகோடு 5.1 தனிக் குறி கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்தவை வேறு குறிகளில் கிடக்கின்றன. எல்லையோர நூலகம் என்றால் இந்த மூன்றும் போலித் தரவில் இருந்தே ஆக வேண்டும்.

வரிசைப்படுத்துவதைச் சோதிக்க ஐந்து போலித் தலைப்புகள் சொல்கிறேன்: மரம், மலை, மழை, மறை, மனம். நம் அகராதி வரிசை இதுதான். வெறும் யூனிகோடு எண்படி அடுக்கச் சொன்னால் மனம், மரம், மறை, மலை, மழை என்று வரும். ஜன்னல் என்று ஒரு தலைப்பையும் சேருங்கள். எண்படி அடுக்கினால் அது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே போய் உட்காரும்.

ஆசிரியர் பெயரில் தாராளமாகக் குழப்பம் செய்யலாம். எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் நாட்டு நூலகத் துறைக்கே தந்தை, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், சீர்காழிக்காரர். அவரையே எஸ்.ஆர்.ரங்கநாதன், ரங்கநாதன் எஸ்.ஆர்., எஸ்.ஆர். இரங்கநாதன் என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் கேட்லாக்கில் மூன்று மனிதர்கள். ஒரு கற்பனை ஆசிரியரை இப்படி ஐந்து வடிவில் போட்டு, அவர் எழுதியதெல்லாம் ஒன்றாக வருகிறதா பாருங்கள்.

ஐஎஸ்பிஎன் எளிது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அடுத்த பத்தைத் தொட எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13-வது இலக்கம். பாதிப் புத்தகங்களுக்கு அந்த எண்ணே இல்லாமல் விடுங்கள். எண் என்று ஒன்று வந்ததே 1970-இல்தான், இன்றைக்கும் எண் வாங்காத சிறு பதிப்பகங்கள் உண்டு. 2007-க்கு முந்தைய பத்து இலக்க எண்கள் சிலவற்றையும், கடைசியில் எக்ஸ் வருகிறவற்றையும் சேருங்கள். இதில் ஒரு வம்பு: கணக்குச் சரியாக வரும் போலி எண் வேறு யாருடைய நிஜப் புத்தகத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். அட்டைப்படத்தை இணையத்திலிருந்து எடுக்கும் வசதி வைத்திருந்தால் உங்கள் ‘மழை’ கவிதைத் தொகுப்புக்குச் சமையல் புத்தகத்தின் அட்டை வந்து நிற்கும். சோதனை முடியும்வரை அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் 21 வடிவில் பரிமாற்றக் கோப்பு எழுதுகிறீர்கள் என்றால் ஒரே எச்சரிக்கை. அதில் பதிவின் நீளத்தை எழுத்துகளாக எண்ணக்கூடாது, பைட்டுகளாக எண்ண வேண்டும். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். இங்கே தப்பினால் அடுத்த பதிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆங்கிலப் போலிகளை வைத்து வருஷம் முழுக்கச் சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

எண்ணிக்கை 1,000 போதாது, 50,000 செய்யுங்கள். அப்போதுதான் தேடல் மூச்சு வாங்குகிறதா என்று தெரியும். ஃபேக்கரில் ‘சீட்’ எண்ணை ஒரே எண்ணாக வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே பட்டியல் வரும். நேற்று வந்த பிழையை இன்று மறுபடி பிடிக்கலாம். எல்லாவற்றின் அக்செஷன் நம்பருக்கு (ரெஜிஸ்டரில் புத்தகத்துக்குத் தரும் வரிசை எண்) முன்னாலும் ‘போலி’ என்று போட்டுவிடுங்கள், அழிக்கும் நாளில் கைகொடுக்கும்.

கேள்வி: புத்தகம் போலியாக இருக்கட்டும். உறுப்பினர் பட்டியல்தான் எங்களிடம் எக்செலில் தயாராக இருக்கிறதே, அதையே சோதனைக்குக் கொடுத்தால் என்ன?
*- நூலகப் பொறுப்பாளர், செங்கோட்டை*

கொடுக்காதீர்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் உள்ள விஷயம். மென்பொருள் எழுதும் பிள்ளைகளின் மடிக்கணினியில் அதற்கு வேலை இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 2023-இல் வந்துவிட்டது.

போலி உறுப்பினருக்குச் செல்பேசி எண் போடும்போதும் கவனம் வேண்டும். நம் நாட்டுச் செல்பேசி எண்கள் 6 முதல் 9 வரை உள்ள இலக்கத்தில் தொடங்குபவை. அப்படி வாய்க்கு வந்த பத்து இலக்கம் போட்டால் ‘புத்தகத்தைத் திருப்பித் தரவும், அபராதம் 40 ரூபாய்’ என்ற குறுஞ்செய்தி நடுராத்திரியில் யாரோ ஒரு தெரியாத மனிதரைத் தட்டி எழுப்பும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களைப் போடுங்கள். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் இருக்கிறது. இப்படிப்பட்ட காரியத்துக்கென்றே 1999-இல் ஒதுக்கி வைத்த பெயர் அது. எல்லைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு பக்கத்திலிருந்து வருகிற வாசகர்களையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாநிலம் என்ற கட்டத்தில் ‘தமிழ்நாடு’ என்று பூட்டி வைத்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம்தானே? அதற்கான மாதிரிப் பதிவுகளும் இலவசமாகக் கிடைக்குமா?
*- வாசகி, பாறசாலை*

இலவசம்தான். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதி, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. பதிவுகள் வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் சுமார் 2.5 கோடி பதிவுகளைப் பொதுவில் திறந்துவிட்டது, இறக்கிக்கொள்ளலாம். வேகத்தைச் சோதிக்க அது போதும். ஆனால் அங்கே தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக இருக்கும். தமிழ், மலையாளத் தேடலுக்கு மேலே களியக்காவிளைத் தம்பிக்குச் சொன்ன வழிதான். ஐம்பது பதிவையாவது உட்கார்ந்து கையால் அடியுங்கள்.